எள்ளளவு பொன் உதிர்ந்த காரணம்

மீனா தொலைபேசியில் அழைத்தபோது நான் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு இது எனக்கு ஆறாவது குளிர்காலம். மீனா சென்னைப் பெண். பழைய புத்தகங்களைச் செப்பனிடும் பட்டறையொன்றில் நான் இருபத்தாறு வருடம் வேலைசெய்தேன். அங்கே, பழைய காகிதக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இப்போது இருக்கிறார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். 'சேதத்துக்கான காரணம்'னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. உங்க ஃபைல்ல ஒரு வரி எழுதி அடிச்சிருக்கு. அதுக்குக் கீழ வேற ஒரு காரணம் இருக்கு. ரெண்டுமே உங்க கையெழுத்து. எதைப் போடறது?"

"ரெண்டையும் போடுங்கோ."

"ஒண்ணுதான் சார் எடுத்துக்குது."

"அப்ப கீழ இருக்கிறதைப் போடுங்கோ. மேல இருக்கிறது பொய்."

அங்கே என்னைப் பற்றி நல்ல பெயர்தான் மிஞ்சியிருக்கிறது போலும். "என்ன சார் இப்படிச் சொல்றீங்க?" என்றார். பனி அள்ளும் சவளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய கதையில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதத் தொடங்கிய பிறகு, இதை மீனா மட்டும் படித்தால் போதாது என்று பட்டது.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் புத்தகம் கட்டியவன். மொன்றியலுக்கு வந்து எல்லோரையும் போல உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு புத்தகம் கட்டும் கடையொன்றில் சேர்ந்தேன். அங்கே என் தையலைப் பார்த்த ஒருவர் எங்கள் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினார். மாலை வகுப்பு, பிரெஞ்சு, பசை காய்ச்சுவது, தோல் சீவுவது என்று நாலு வருடம் போனது. அவ்வளவுதான் என் படிப்பு. மற்றவர்களிடம் பட்டம் இருந்தது. என்னிடம் கை இருந்தது. அந்த வித்தியாசம் எனக்கு எப்போதும் உறுத்திக்கொண்டேயிருந்தது. பின்னால் நான் செய்த காரியத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

கியூபெக்கில் கன்னியர் மடங்களும் துறவியர் மடங்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. இருநூறு பேர் இருந்த இடத்தில் ஒன்பது பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் எண்பது வயது தாண்டியிருக்கும். கட்டடத்தை விற்பார்கள். நூலகத்தில் இருக்கும் பழைய புத்தகங்கள் பெட்டி பெட்டியாக எங்களிடம் வரும். பெரும்பாலும் அச்சுப் புத்தகங்கள். எப்போதாவது கையால் எழுதியது ஒன்று வரும். அது நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன் பிரான்சில் எழுதப்பட்டு, யாரோ ஒரு சிஸ்டரின் பெட்டிக்குள் கப்பலேறி வந்ததாக இருக்கும். அப்படி ஒன்று வந்தால் பட்டறையில் அன்று யாரும் உரத்துப் பேசமாட்டோம்.

பட்டறைத் தலைவி மதாம் திபோ. உயரமான, ஒல்லியான பெண். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளாவது என்னை ஒருமையில் அழைத்ததில்லை, ஒரு நாளாவது என் வீடு எங்கே என்று கேட்டதுமில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாங்கள் காத்து நிற்போம். புத்தகம் மேசைக்கு வந்தால் முதல் நாள் அதில் யாரும் கைவைக்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். இரண்டாம் நாள் படமெடுப்போம். மூன்றாம் நாள் அவர் ஒரு மெல்லிய ஒளிபுகும் தாளைப் பக்கத்தின் படத்துக்கு மேல் விரித்து, பென்சிலால் வட்டம் போடுவார். அழுக்கிலும் எடுக்க வேண்டிய அழுக்கு, வைக்க வேண்டிய அழுக்கு என்று இரண்டு உண்டு. மெழுகுதிரிப் புகை படிந்து எழுத்தை மறைத்தால் அதை எடுக்கலாம். படத்தில் மாதாவின் பாதம் தேய்ந்து மங்கியிருந்தால் அதைத் தொடக் கூடாது. அது ஐந்நூறு வருடமாக ஆட்கள் முத்தமிட்டுத் தேய்த்தது.

எடுக்க வேண்டிய அழுக்கை எதனால் எடுப்பது? முதலில் மென்மையான தூரிகை. பிறகு அழிரப்பர்த் தூள். அதற்கும் மசியாவிட்டால் எச்சில்.

ஆம், எச்சில்தான். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் உலகமெங்கும் இந்தத் தொழிலில் உள்ளவர்கள் செய்வதுதான். ஈர்க்குப் போன்ற மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் ஒருமுறை உருட்டி, அழுக்கின் மேல் ஒருமுறை உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. ஒரு பஞ்சு ஒரு உருட்டலுக்குத்தான். எச்சிலில் அழுக்கைக் கரைக்கும் சத்து இருக்கிறது. அதைவிட முக்கியம், அது வழுவழுப்பானது. வைத்த இடத்தில் நிற்கும், ஓடாது. மதாம் திபோ அதற்காகவே காலையில் பத்து மணிவரை கோப்பி குடிக்கமாட்டார். மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டு, பூசைக்கு உட்காருகிறவர் போல உட்காருவார்.

எனக்கோ அது உயிர் போகிற விஷயம். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன் நான். விரலில் எச்சில் தொட்டுத் தாள் புரட்டியதற்கு அப்பாவிடம் குட்டு வாங்கியவன். அதிலும் இவை செபப் புத்தகங்கள். எங்கள் பக்கத்தில் சைவர்களும் மடு மாதாவுக்கு நேர்த்தி வைப்பார்கள். என் அம்மாவும் வைத்திருக்கிறார். முதல்நாள் ஆட்டுக்கறி தின்ற வாயால் மாதாவின் படத்தைத் துடைப்பதா?

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டமில்லாதவன் வேலையில் சாட்டுச் சொல்கிறான் என்று நினைப்பார்களே என்று பயம். அதனால் ஒரு கள்ளம் பழகினேன். காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு சின்னப் போத்தலில் மேசை மூலையில் வைத்துக்கொள்வேன். பஞ்சை அதில் தொட்டு, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், பிறகு வேலைக்குப் போவேன். கோப்பில் "உமிழ்நீர்" என்று எழுதுவேன். தோல் மட்டையிலும் மர அட்டைகளிலும் தண்ணீர் கொஞ்சம் மெதுவாக வேலைசெய்தது. அவ்வளவுதான். பதினோரு வருடம் ஒருவருக்கும் தெரியாது. பல நாள் கள்வன் ஒரு நாள் பிடிபடுவான் என்பார்கள். நான் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் நல்லது.

சிஸ்டர் ஆன்ஜெலை ஒரு புத்தகத்தால்தான் எனக்குத் தெரியும். மூடப்போகும் ஒரு மடத்தில் நாற்பத்தொரு வருடம் நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர். குள்ளமானவர், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். அவருடைய மடத்தில் கைக்கு அடக்கமான ஒரு செபப் புத்தகம் இருந்தது. கன்றுத்தோலை ஊறவைத்துச் சுரண்டிச் செய்த தாள், கையெழுத்து, ஓரங்களில் பூக்கொடி. முதல் பக்கத்துப் பெரிய எழுத்துக்குள் மாதா பிள்ளையோடு இருப்பார். அந்த எழுத்து முழுவதும் தங்கத்தைத் தாளாக அடித்த ரேக்கு ஒட்டியது. அந்தப் புத்தகத்தை அவர் பெட்டியில் அனுப்பவில்லை. மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தார்.

பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் பட்டறைக்கு வருவார். எந்தப் புத்தகத்தை எந்தச் சிஸ்டர் பாவித்தார், எந்தக் கறை எப்போது வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். நான் தைத்துக்கொண்டே கேட்பேன், அவர் கதைத்துக்கொண்டேயிருப்பார். அவரும் மதாம் திபோவும் பேசியதெல்லாம் பிரெஞ்சு. என் மனதில் இருக்கிற மாதிரி எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். ஒரு புதன்கிழமை சொன்னார்:

"மாரிக்குளிரில எங்கட கல்லுச் சுவரெல்லாம் ஈரம் கசியும். பூஞ்சணம் பிடிச்சிடுமெண்டு பயத்தில, புத்தகத்தைக் கொண்டுபோய் ஹீட்டருக்கு மேல இருக்கிற தட்டில வைப்பன். ஒரு மாரியும் தவறவிடேல்லை."

நல்ல மனத்தோடு செய்தது. எங்கள் தொழிலில் அது சரியில்லை, சூடு ஆகாது. ஆனால் புத்தகத்துக்கு ஒன்றும் நடந்திருக்கவில்லை. மதாம் திபோ கேட்டுவிட்டு அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நானும்தான்.

அடுத்த வாரம் அந்தப் பெரிய எழுத்தின் ஓரத்தில் இருந்த புகைக்கறையை எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. மதாம் திபோ வட்டம் போட்டு, "மெதுவா. ரேக்கில படாமல் ஓரத்தில மட்டும் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். நான் என் போத்தலை எடுத்தேன்.

தங்க ரேக்குக்குக் கீழே சுண்ணமும் மீன்பசையும் கொஞ்சம் சீனியும் கலந்த களி இருக்கும். அந்தக் காலத்து ஆட்கள் அதன் மேல் மூச்சை ஊதி, அந்த ஈரத்தில் ரேக்கை ஒட்டுவார்கள். மூச்சின் ஈரமே போதுமான களிக்கு, ஓடுகிற தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும்தான். பதினோரு வருடம் தப்பிய துணிவு கண்ணை மறைத்தது. முதல் உருட்டலில் கறை இளகியது. இரண்டாவது உருட்டலில் பஞ்சை எடுத்தபோது அதன் நுனி மினுங்கியது. எழுத்தின் ஓரத்தில் எள்ளளவு வெள்ளையாகத் தெரிந்தது.

பொன்துகளை ஒரு சின்ன உறையில் போட்டேன். கோப்பைத் திறந்தேன். "சேதத்துக்கான காரணம்" என்ற இடத்தில், பொன் முன்பே தளர்ந்திருந்தது, பல வருடம் வெப்பமூட்டிக்கு மேல் வைத்திருந்ததால் இருக்கலாம் என்று எழுதினேன். சுத்தம் செய்த முறை: உமிழ்நீர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மனுஷி என்னை நம்பிச் சொன்ன கதையை எடுத்து அவர் தலையிலேயே கட்டிவிட்டேன்.

மதாம் திபோ படித்தார், நம்பினார். நான் எழுதியதை அவர் ஒரு நாளும் சந்தேகித்ததில்லை. மீன்பசையைத் தூரிகை நுனியில் தொட்டு அந்தத் துகளை இருந்த இடத்திலேயே ஒட்டினார். அரை மணித்தியால வேலை. தெரியாதவர் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. வழக்கப்படி கோப்பின் பிரதி ஒன்று புத்தகத்தின் சொந்தக்காரருக்குப் போனது. சொந்தக்காரர் என்றால் மடம். மடத்தில் அதைப் படிக்கக்கூடியவர் சிஸ்டர் ஆன்ஜெல் மட்டும்தான்.

அடுத்த புதன்கிழமை அவர் வந்தார். உட்காரவில்லை. கதவடியில் நின்றுகொண்டு மதாம் திபோவிடம் சொன்னார்:

"நாற்பத்தொரு வரியம் காப்பாத்துறன் எண்டு நினைச்சு அதைச் சுட்டுக்கொண்டு இருந்திருக்கிறன். இனி என்னை அந்தப் புத்தகங்களுக்குக் கிட்ட விடாதேங்கோ."

நூலகப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்து, "நல்லவேளை உங்கட கைக்கு வந்துது" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அந்த மாரி முழுக்க நான் வாய் திறக்கவில்லை. ரயிலில் ரொக்ஸ்பரோவுக்குப் போய் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். வெட்கமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கடைசியில் என் மனைவி சாந்தியிடம்தான் சொன்னேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்கள் துப்பல் தொட மாட்டன் எண்டதுக்கு அந்த வயசுபோன மனுசி ஏன் அழவேணும்?"

"வேலை போயிடுமப்பா."

"போனால் போகட்டும். கோப்பை கழுவின கைதானே. பொய்யோட என்னெண்டு சாமி அறைக்குள்ள போறியள்?"

மறுநாள் காலை மதாம் திபோவின் அறைக்குப் போய்ப் போத்தலை மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு கேள்விகள் வந்தன. எத்தனை பஞ்சு? எந்தப் பக்கமாக உருட்டினீர்கள்? எத்தனை வருடம்? என்னென்ன புத்தகங்கள்? ஒவ்வொன்றுக்கும் சரியான பதில் கிடைக்கும்வரை விடவில்லை. ஏன் என்று மட்டும் கடைசியாகத்தான் கேட்டார். சொன்னேன்.

"அதை முதல் நாளே சொல்லியிருந்தால், அந்த வேலையை வேற ஆளிட்டைக் குடுத்திருப்பன்" என்றார். "ஒரு மனுசருக்கு முடியாததெண்டு ஒண்டு இருக்கும். அதில எனக்குக் கோபமில்லை. கோப்பில பொய் எழுதினதுதான். அம்பது வரியம் கழிச்சு இன்னொருத்தர் இதைத் திறந்து, உங்கட பொய்யை நம்பி வேலை செய்வார்."

வேலையால் நிறுத்தவில்லை. மூன்று வாரம் என்னை உட்காரவைத்து, பதினோரு வருடக் கோப்புகளையும் எடுத்துத் திருத்த வைத்தார். அதற்கும் ஒரு முறை உண்டு. பழைய வரியை அழிக்கக் கூடாது, மறைக்கக் கூடாது. வாசிக்கக்கூடிய மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, கீழே உண்மையை எழுதி, தேதியும் பெயரின் முதல் எழுத்தும் இட வேண்டும். மீனா கண்டது அதைத்தான். முடிந்ததும் மதாம் திபோ சொன்னார்:

"சிஸ்டருக்குக் கடிதம் போடமாட்டன். நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

அதற்குள் மடம் மூடிவிட்டது. சிஸ்டர் ஆன்ஜெலைப் பியர்பொன்ட்ஸில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம்தான். ஒரு சனிக்கிழமை போனேன். யன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நான் வாயைத் திறக்குமுன்பே, "அந்தப் பொன் உதிர்ந்தது என்னாலதான்" என்றார். இல்லை சிஸ்டர், என்னால்தான் என்று தொடங்கி, எச்சில், தண்ணீர், போத்தல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப சூட்டால இல்லையோ?"

"இல்லை."

"மெய்யாவோ?"

"மெய்யா, சிஸ்டர்."

அழுதார், பிறகு சிரித்தார். நானும் அழுதேன். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். சாந்தி பார்த்துவிட்டு இன்னொரு அகப்பை போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தோடம்பழம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, சும்மா பார்க்கத்தான் போனேன். என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது. "நீங்கள் பட்டறைக்காரர்தானே? அந்தப் பொன் உதிர்ந்தது என்னாலதான்" என்றார்.

தாதி என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். அவருடைய ஞாபகம் அந்த மாரியிலேயே குழம்பத் தொடங்கிவிட்டதாம். பழையது நிற்கிறது, புதிது தங்குவதில்லை. நான் அந்த மாரியில் வாய்மூடி இருந்தபோது என் பொய் அவருக்குள் பழையதாகிவிட்டது. உண்மை பிந்தி வந்தது, அதனால் நிற்கவில்லை. பட்டறையில் எத்தனையோ பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். இதற்கு ஒரு வழியும் தெரியவில்லை.

ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். ஒவ்வொரு முறையும் அவர் தன் பிழை என்பார், நான் என் பிழை என்பேன். போகப்போக மூன்று வசனத்தில் சொல்லக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் "மெய்யாவோ?" என்று கேட்டு, முகம் தெளிந்து, தோடம்பழம் சாப்பிடுவார். ஒரு பின்னேரத்துக்கு அது போதும். சில நாள் சாந்தியும் வருவாள்.

இரண்டாவது வருடத்தில் ஒரு சனிக்கிழமை, நான் சொல்லத் தொடங்கியதும் கதவுப் பக்கம் பார்த்தார். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"மெல்லக் கதையுங்கோ. கேட்டுதெண்டால் உங்களை வேலையால நிப்பாட்டிப் போடுவினம். உங்களுக்குப் பிள்ளையள் இருக்கு. நான்தான் செய்தனெண்டு சொல்லுவம். என்னை ஆர் நிப்பாட்டுறது?"

"அவைக்குத் தெரியும், சிஸ்டர். எல்லாம் சொல்லிப்போட்டன்."

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றார் மறுபடியும். நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் வழக்கம்போல "என்னாலதான்" என்றார். ஆனால் இந்த முறை தாதிக்குக் கேட்கிற மாதிரி உரத்துச் சொன்னார். மறந்துபோய்ச் சொல்கிறாரா, என்னைக் காப்பாற்றச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. தாதியிடம் கேட்டேன். ஒரு வாரத்துக்கு முந்தியது அவருக்கு ஞாபகம் இருக்கச் சாத்தியமில்லை என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும். நானும் விடாமல் "இல்லை சிஸ்டர், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

கடைசியாகப் பார்த்த சனிக்கிழமை அவர் படுக்கையில் இருந்தார். பேச்சு நின்று நாலு நாளாகியிருந்தது. தாதி பக்கத்தில் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். சிஸ்டரால் சொல்ல முடியாததால் நானே தொடங்கினேன்.

"சிஸ்டர், அந்தப் பொன் உதிர்ந்தது என்னாலதான்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு தாதியைப் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து கையை மெல்ல வெளியே எடுத்து, ஒற்றை விரலைத் தன் உதட்டின் மேல் வைத்தார்.